மூன்று மீட்டரும் பாகூர்க் காற்றும்

ரோஸ்லினிடம் ‘சுமாராக’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். “இங்கேருந்து வில்லியனூர் போவ சுமாரா எவ்ளோ நேரம் ஆவும்?” என்று வழிப்போக்கர் யாராவது பாவமாகக் கேட்டால்கூட, எந்த வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், வழியில் பெட்ரோல் போட வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவள் புருஷன் ஜெயசீலன் மண்ணாடிப்பட்டு பக்கம் டவுன் பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். “எட்டே முக்காலுக்கு வரன்னு சொன்னா எட்டே முக்காலுக்கு வந்துடணும்பா. எட்டு அம்பதுக்குப் போனா கொழம்புல உப்பு இருக்காது” என்று கூட ஓட்டுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். உப்பு விஷயம் பொய். ரோஸ்லின் உப்பையும் கரண்டியில் அளந்து போடுகிறவள்.

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகும் ரோட்டில், கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. போர்டில் ‘செல்லக்கண்ணு சைலன்சர் ஒர்க்ஸ்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். கொட்டகையில் பாதி செல்லக்கண்ணுவின் வெல்டிங் சாமான்கள். மீதிப் பாதியில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் வேளாங்கண்ணி மாதா காலண்டர். அந்தப் பாதி ரோஸ்லினுடையது. அவள் பெயர் போர்டில் இல்லை. அவளைத் தேடி வருகிறவர்களுக்குப் போர்டு தேவைப்பட்டதும் இல்லை. வேகத்துக்காக டர்போ மாட்டிய கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவள் நம்பர் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

என்ன நம்பர்? விஷயம் ரொம்ப எளிது. எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் சேர்த்துத்தான் குடிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதுதான் அந்த நம்பர். சாதாரணமாக ஓட்டும் வண்டிக்குப் பதினாலே முக்கால் சரி. (பதினாலு புள்ளி ஏழு என்று ரோஸ்லின் திருத்துவாள்.) டர்போ வைத்து அழுத்தி மிதிக்கிற வண்டிக்குப் பதினொன்றரையை ஒட்டி இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கும். நம்பர் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். பன்னிரண்டரைக்குப் போய்விட்டால் வண்டி அப்போதைக்கு அருமையாகத்தான் ஓடும், ஓட்டுகிறவன் விசிலடிப்பான், நாலாவது சுற்றில் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். இந்த நம்பரைக் காட்டுவதற்கென்று ஒரு வட்ட மீட்டர் உண்டு. அதன் சென்சரைச் சைலன்சர் குழாயில் திருகிவிட்டால் அது புகையை மோந்து பார்த்துச் சொல்லும். சென்சரை அந்தக் கொட்டகையில் எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள்.

ரோஸ்லினுக்கு இது படித்து வந்த வேலை இல்லை. அவள் அப்பா அருள்தாஸ் மடுகரைப் பக்கம் கரும்பு வெட்டி லாரிக்குக் கட்டு ஏற்றியவர். அம்மா நடவுக்குப் போனவள். பெண்ணை எப்படியோ ஐ.டி.ஐ வரைக்கும் படிக்க வைத்துவிட்டார்கள். படிப்பு முடிந்ததும் மூலக்குளத்தில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்ற புகைச் சோதனைக் கூண்டில் வேலை கிடைத்தது. வண்டியின் சைலன்சரில் குழாயைச் செருகுவது, மெஷின் காட்டுவதைப் பார்ப்பது, சீட்டு அடித்துக் கீழே கையெழுத்துப் போடுவது. பன்னிரண்டு வருஷம் அதே ஸ்டூல்.

அந்த வேலையில் ஒரு சடங்கு உண்டு. காலையில் முதல் வண்டி வருவதற்கு முன்னால் மெஷினுக்கு வெறும் காற்றைக் காட்ட வேண்டும். ‘இதுதான் சுத்தமான காற்று, பார்த்துக்கொள்’ என்று சொல்லிக் கொடுப்பது மாதிரி. அதை வைத்துத்தான் அன்றைக்கு முழுவதும் அது நல்லது கெட்டது சொல்லும். ஒருநாள் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. ரோஸ்லின் கவனிக்கவில்லை. அன்றைக்கு வந்த வண்டிகளெல்லாம் பாஸ். மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. சீட்டு வாங்கிக்கொண்டு போன பதினேழு பேருக்கும் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். ஒன்பது பேர் வந்தார்கள். மீதி எட்டுப் பேர் திட்டினார்கள். கூண்டின் முதலாளியும் திட்டினார்.

அந்த முதலாளியின் பெயர் இங்கே வேண்டாம். குழாயைச் செருகாமலேயே சீட்டு அடித்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டியை அனுப்பலாம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. “பாக்காத நம்பருக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?” என்று கேட்டாள் ரோஸ்லின். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அடுத்த மாதம் அந்த ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கூப்பிட்டவர்தான் செல்லக்கண்ணு. தான் வெல்டிங் வைத்த வண்டியையெல்லாம் அவளிடம்தான் சோதனைக்குக் கொண்டுவருவார். மெஷின் சொல்வதற்கு முன்னாலேயே வாசனையை வைத்து, பெட்ரோல் கூடுதலா குறைவா, ரிச்சா லீனா என்று அந்தப் பெண் சொல்வதை நாலைந்து தடவை பார்த்து அசந்துபோனவர். “ரிச்னா கண்ணு எரியும்ண்ணா, அவ்ளோதான்” என்பாள் அவள், அது ஒரு வித்தையே இல்லை என்கிற மாதிரி. “கொட்டாய்ல பாதி எடம் சும்மாதான் கெடக்குது, வந்து உக்காரு தங்கச்சி” என்றார் அவர். ஆறு வருஷமாயிற்று. லேப்டாப்பில் வண்டியின் கம்ப்யூட்டரைத் திறந்து பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற வேலையைத் தானே படித்து, தப்புப் பண்ணி, மறுபடி படித்துக் கற்றுக்கொண்டாள். காலையில் மாதாவுக்கு ஒரு கும்பிடு, செல்லக்கண்ணு வாங்கிவரும் டீ, நாள் முழுக்க நம்பர்கள். இதைவிட நல்ல வாழ்க்கை இன்னொன்று இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

இந்த வருஷம் புரட்டாசியில் கலைவேந்தன் வந்தான். மடுகரையில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கும் நாகராஜனின் ஒரே பிள்ளை. இருபத்தேழு வயது. ஒரு சின்னக் காரில் டர்போ மாட்டி, அதை மகளைப் போலக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தான். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு அந்தப் பக்கம் ரேஸ் தடத்தில் ஒரு போட்டி. அதுவரை தடம் பக்கமே போனதில்லை அவன். அவன் அப்பா ஒரு நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்திருந்தார்.

“ஒரே ஒரு தபா போய்ட்டு வா, இஞ்சின் போச்சுன்னா வண்டி வூட்டுக்கு வரக் கூடாது, அங்கியே வித்துட்டு பஸ்ல வந்துடுன்னு சொல்ட்டார்க்கா” என்றான் கலைவேந்தன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “உங்களப் பத்தியும் கேட்டார்” என்றான்.

“இன்னா கேட்டார்?”

“அருள்தாசு மவளா? நம்ம கொல்லையில கட்டுத் தூக்குனானே, அவன் மவளா? அவ சொல்ற நம்பர நம்பியா நீ வண்டிய ஓட்டப்போறன்னு...”

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். சிரித்தாளே தவிர, அது உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அவள் டியூன் செய்த வண்டி ஒன்று முதன்முதலாகத் தடம் ஏறப் போகிறது. பிஸ்டன் போனால் வண்டி மட்டும் போகாது. ஆறு வருஷமாக ஒவ்வொரு நம்பராகச் சேர்த்து வைத்த அவள் வாக்கும் போய்விடும், அதுவும் அந்த வீட்டில்.

கலைவேந்தனுக்கு இன்னொரு வேலையும் ஆக வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் நிரந்தரமாக ஒரு மீட்டர் பொருத்த வேண்டும். எது நல்லது என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவன் கையில் இரண்டு இருந்தன. ஒன்று பிரான்சில் இருக்கும் அவன் சித்தப்பா அனுப்பியது. கனமான உலோக வளையம், கண்ணாடியில் கீறல் விழாது. இன்னொன்று அது வந்து சேருவதற்கு முன்னால் அவசரப்பட்டு ஆன்லைனில் வாங்கியது. நூல் மாதிரி ஒயர், பிளாஸ்டிக் வளையம். அதைக் காட்டவே அவனுக்கு வெட்கம். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பெட்டியோடு கிடந்தது. ரோஸ்லினிடம் ஆறு வருஷமாகப் பழகிய அவளுடைய மீட்டர் ஒன்று, அதற்கு இப்போதுதான் புது மூக்கு மாட்டியிருந்தாள். ஆக மூன்று. “ஒரே கொழாய்ல மூணு மூக்கு வைக்க முடியுமாண்ணா?” என்று கேட்டாள். ஒரே புகையை மூன்றும் மோந்தால்தானே எது உண்மை சொல்கிறது என்று தெரியும்? செல்லக்கண்ணு அன்றே குழாயில் வரிசையாக மூன்று துளை போட்டுத் திருகு மறை வைத்துக் கொடுத்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. செல்லக்கண்ணுவுக்கு வருஷத்தில் பெரிய நாள் அதுதான். தீபாவளிக்குக்கூடப் பழைய சட்டை போடுவார். ஆயுத பூஜைக்குப் புது வேட்டி. கொட்டகையைக் கழுவி, வாழைக் கன்று கட்டி, இலையில் ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் முகமூடி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ரோஸ்லின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. ஆனால் ஆறு வருஷமாக அந்தப் பொரியையும் கடலையையும் அவள்தான் பொட்டலம் கட்டி எல்லாருக்கும் கொடுப்பாள். இந்தத் தடவை அவளுக்கு என்னவோ மனசு நிறைந்திருந்தது.

“எல்லாத்துக்கும் வச்சீங்க. என் சாமானுக்கு வைக்கலியேண்ணா?” என்றாள்.

செல்லக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். “வைக்கலாமாம்மா? நீ மாதா கோயிலாச்சேன்னுதான் நான் கேக்கல.”

“வைங்க.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! லேப்டாப்புக்கு ஒரு பொட்டு, அவள் மீட்டருக்கு ஒன்று, பிரான்ஸ் மீட்டருக்கு ஒன்று. அப்புறம் இரண்டு சென்சரையும் எடுத்து இலையில் நிறுத்தி, நுனியிலேயே குழைவாக ஒரு விரல் சந்தனம். மூக்குக்குத்தானே வைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். டிக்கியில் கிடந்த மூன்றாவதை யாரும் நினைக்கவே இல்லை.

பூஜை போட்ட சாமானை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில், பொட்டை அழிக்காமல், அப்படியே எடுத்து வேலையை ஆரம்பிக்க வேண்டும். இது செல்லக்கண்ணுவின் சட்டம். இந்த மாதிரி மீட்டர்களில் சிலவற்றுக்கு, மாட்டுவதற்கு முன்னால் வெறும் காற்றைக் காட்டிப் பழக்க வேண்டும், அந்தக் கூண்டு மெஷினைப் போலவே. அவளுடையதும் பிரான்ஸ் மீட்டரும் அந்த ரகம். மூன்றாவதற்கு அந்த வேலை இல்லை. கம்பெனியிலேயே அளவு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். விஜயதசமி காலையில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையாத கொட்டகையில், செல்லக்கண்ணு கற்பூரம் காட்டக் காட்ட, ரோஸ்லின் இரண்டு மீட்டருக்கும் கரண்ட் கொடுத்துக் காற்றைக் காட்டினாள். நுனியில் சந்தனம் இருப்பது தெரிந்தது. சூட்டில் உதிர்ந்துவிடும் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் மனுஷருக்குக் கண்ணில் விழுவது புத்தியில் விழாது. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. செல்லக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூடிக் கிடக்கும் ஆலை ஒன்றின் லாரி ரோடு அவர்களுக்குச் சோதனை ரோடு. காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போனால் நேராக ஒரு கிலோமீட்டர் காலியாக இருக்கும். கலைவேந்தன் ஓட்ட, ரோஸ்லின் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். தன் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் முழு மிதியில் அது பதினொன்று புள்ளி ஆறு என்றது. பிரான்ஸ் மீட்டர் பதினொன்று புள்ளி ஐந்து. மூன்றாவது பன்னிரண்டு புள்ளி நான்கு.

“பாத்தீங்களாக்கா, அது குப்பைன்னு அப்பவே சொன்னன்” என்றான் கலைவேந்தன்.

அவள் அவசரப்படவில்லை. மூன்று மூக்கையும் இடம் மாற்றி மாற்றிப் பொருத்தி மறுபடி ஓட்டச் சொன்னாள். துளையில் குற்றமிருந்தால் நம்பர் துளையோடு நிற்கும். மீட்டரில் குற்றமிருந்தால் மீட்டரோடு போகும். நம்பர் மீட்டரோடுதான் போனது. குழாயில் எங்காவது காற்று உள்ளே இழுக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். இல்லை. இரண்டு வேறு தேசத்து மீட்டர்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்ததே இல்லை, ஒரே நம்பரைச் சொல்கின்றன. மூன்றாவது மட்டும் தனியாக ஒன்று சொல்கிறது. யாராக இருந்தாலும் இரண்டைத்தானே நம்புவார்கள்? அவளும் நம்பினாள். ஒரு தாளில் கட்டம் போட்டு, மூன்றின் நம்பர்களையும் எழுதி, பிரான்ஸ் மீட்டருக்கு எதிரே ‘நன்று, பொருத்தலாம்’ என்றும், மூன்றாவதற்கு எதிரே ‘தவறு காட்டுகிறது, வேண்டாம்’ என்றும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். கலைவேந்தன் அதைப் போட்டோ எடுத்துத் தன் கார் சிநேகிதர்கள் குழுவில் போட்டான். பாண்டிச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம். காலையில் விடிந்ததும் வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது. கலைவேந்தன் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். வழக்கம்போல ஒரு கடைசிப் பார்வைக்காக ரோஸ்லின் பெட்ரோல் அளவைப் பதினொன்றரையிலேயே நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பழைய பழக்கம்.

கண் எரியவில்லை.

இன்னும் கிட்டே குனிந்தாள். வாசனை இருந்தது. காரம் இல்லை. பதினொன்றரை என்றால் இந்நேரம் மூக்கும் கண்ணும் ஒழுக வேண்டும். உள்ளே போய் மீட்டரைப் பார்த்தாள்: பதினொன்று புள்ளி ஐந்து. எஞ்சினை நிறுத்தினாள். “அண்ணா, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க” என்றாள். செல்லக்கண்ணு கழற்றிக் கொடுத்தார். நுனி பழுப்பாக இருந்திருக்க வேண்டும். பெட்ரோல் பற்றாமல் காய்ந்து வெளிறிப் போய் இருந்தது.

“இன்னாம்மா இது, எலும்பாட்டம் இருக்குது?” என்றார் அவர்.

ரோஸ்லின் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குள் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்ற லாரி வந்து நின்றது. இந்த மீட்டர்களுக்குக் கடைசியாக எப்போது காற்றைக் காட்டினோம்? எந்தக் காற்றை? கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதில் தெரிந்துவிட்டது.

“அண்ணா, பேட்டரிய எடுத்துக்குங்க. பாகூர் ஏரிக்குப் போவோம்.”

“இப்ப எதுக்கு ஏரிக்கு?”

“நல்ல காத்து வேணும்.”

செல்லக்கண்ணுவின் மொபெட்டில் முன்னால் பேட்டரி, பின்னால் மூக்கோடு கழற்றிய மூன்று மீட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு ரோஸ்லின். ஏரிக்கரை ரோட்டில் இறங்கினார்கள். மழைக்கு முந்தின காற்று, தண்ணீர் மேலாக வந்துகொண்டிருந்தது. வண்டி இல்லை, அடுப்புப் புகை இல்லை. கரையில் துண்டை விரித்து மூன்றையும் வைத்து கரண்ட் கொடுத்தாள். வெறும் காற்றில் இருபது புள்ளி ஒன்பது சதவீதம் பிராணவாயு இருக்கும். பாகூரிலும் அதுதான், பாரிசிலும் அதுதான். இந்த மீட்டர்களில் ஒரு பொத்தானை அமுக்கினால் அதையும் காட்டும்.

மூன்றாவது மீட்டர்: இருபது புள்ளி எட்டு. அவளுடையது: இருபத்து மூன்று. பிரான்சிலிருந்து வந்தது: இருபத்து மூன்று புள்ளி இரண்டு.

உலகத்தில் எங்கேயும் இல்லாத காற்று பாகூர் ஏரிக்கரையில் அடிப்பதாக இரண்டு நல்ல மீட்டர்களும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. சந்தனம் மூக்கை அடைத்துக்கொண்டு இருந்தபோது, ‘இதுதான் நல்ல காற்று’ என்று அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பாவம், அவை நம்பிவிட்டன. முதல் ஓட்டத்திலேயே சந்தனம் எரிந்து உதிர்ந்துவிட்டது. பாடம் மட்டும் மனசில் தங்கிவிட்டது. அதற்கப்புறம் எல்லாவற்றையும், காற்றில் பிராணவாயுவையும் புகையில் பெட்ரோலையும், மிகையாகச் சொல்லின. அந்த மிகையை நம்பித்தான் இவள் பெட்ரோலைக் குறைத்தாள்.

செல்லக்கண்ணுவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மனுஷன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் போட்ட பூசையாலயா? என் கையால வச்ச சந்தனமா இஞ்சின ஒடச்சிருக்கும்?”

“இல்லண்ணா. வைக்கச் சொன்னது நானு. மூக்குல ஈரத்தோட காத்தைக் காட்டுனதும் நானு. நீங்க வச்சது அன்புக்கு. அளவு பாக்க வேண்டியது என் வேல.” அவள் துண்டிலிருந்து தன் மீட்டரைக் கையில் எடுத்தாள். “பன்னெண்டு வருசம் தெனம் காலையில செஞ்ச வேலைண்ணா இது.”

சந்தனத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியதை மறைப்பதற்கில்லை. இப்போதே காற்றைக் காட்டிச் சரிசெய்து, விடிவதற்குள் பெட்ரோலைக் கூட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வண்டி பிழைத்துவிடும். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். நாகராஜன் வீட்டுக்கு ஒரு வார்த்தையும் போகாது. அந்தக் கணம் வந்தது, போனது. கரையில் நின்றபடியே கலைவேந்தனுக்குப் போன் போட்டாள்.

“கலை, நான் குடுத்த நம்பர் தப்பு. ஒரு வாரமா தப்பு. இப்படியே ஓட்டுனா பிஸ்டன் போயிருக்கும். காலையில ஆறு மணிக்கு வா, சரி பண்ணித் தரன். நீ குப்பைன்னு சொன்ன மீட்டர்தான் உண்மை சொல்லுச்சு. குரூப்ல போட்டியே அந்தத் தாளு, அதுவும் தப்பு. நான் சொன்னன்னே போடு.”

கலைவேந்தன் கடைசிவரை கேட்டான். அப்புறம், “அப்பா பக்கத்துலதான் இருக்கார்க்கா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தன்” என்றான்.

“நல்லதாப் போச்சு. ரெண்டு தபா சொல்ல வேணாம்” என்றாள் ரோஸ்லின். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மூக்குகளைச் சுத்தமாகத் துடைத்து, ஏரிக்காற்றை மறுபடி காட்டினாள். செல்லக்கண்ணு பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். “பீடி குடிக்கவா வேணாவா?” என்று அங்கிருந்தே கேட்டார். “கொன்னுடுவன்” என்றாள். பச்சை விளக்கு எரிந்தது. மூன்றும் இருபது புள்ளி ஒன்பதுக்கு ஒரு புள்ளி இப்படி அப்படி நின்றன.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலைவேந்தன் வந்தான். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போலும். அவள் எதுவும் கேட்கவில்லை, அவனும் அப்பா என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. ஆலை ரோட்டில் எட்டுத் தடவை ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். பன்னிரண்டு புள்ளி நாலு, பன்னிரண்டு, பதினொன்று புள்ளி எட்டு. கடைசி ஓட்டத்தில் மூன்று மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில்: பதினொன்று புள்ளி ஆறு, பதினொன்று புள்ளி ஆறு, பதினொன்று புள்ளி ஐந்து.

கொட்டகைக்கு வந்து எஞ்சினை ஓடவிட்டுப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். செல்லக்கண்ணு டீ கிளாசோடு வந்தவர் பதறிப்போனார். “இன்னாம்மா, அழுவுறியா?”

“கண்ணு எரியுதுண்ணா!” என்றாள். ஒழுகுகிற கண்ணோடு சிரித்தாள். “நல்லா எரியுது!” நேற்றிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டிருந்த மனுஷன் அப்போதுதான் சிரித்தார். அவரும் குனிந்து ஒரு இழுப்பு மோந்து பார்த்துவிட்டு இருமினார். லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கலைவேந்தன் பதினோராவதாக வந்தான். இருபத்திரண்டு பேரில் பதினொன்று. கோப்பை கீப்பை எதுவும் இல்லை. ஆனால் எல்லாச் சுற்றும் ஓடி முடித்து, வண்டி லாரி ஏறாமல் தன் காலிலேயே திண்டிவனம் வழியாக மடுகரை வந்து சேர்ந்தது. டேஷ்போர்டில் அந்தப் பிளாஸ்டிக் வளைய மீட்டரையே பொருத்திக்கொண்டான்.

புதன்கிழமை மத்தியானம் கொட்டகை வாசலில் ஒரு பழைய அம்பாசடர் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் துண்டு. ரோஸ்லின் அவரைச் சின்ன வயதில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள், வரப்பில் குடையோடு. நாகராஜன் உள்ளே வந்தார். உட்காரவில்லை. சுவரில் மாதா காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அதே கட்டம் போட்ட தாள். பழைய நம்பர்களின் மேல் ஒரு கோடு, படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் புது நம்பர்கள். அதற்கும் கீழே, ‘காற்றைத் தவறாகக் காட்டியதால் முதல் முடிவு தவறு. தவறு என்னுடையது’ என்று எழுதி இரண்டாவது கையெழுத்து.

நாகராஜன் நிதானமாக முழுவதும் படித்தார்.

“தப்புன்னு நீயே எழுதி ஒட்டி வச்சிருக்கியேம்மா? வர்றவன் பாத்தா உன்னப் பத்தி இன்னா நெனப்பான்?”

“பாக்கத்தான் ஒட்டியிருக்கன் ஐயா.”

அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். அப்புறம் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். “ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரு” என்று சொல்லி, சாவியை அவள் மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, மற்றவர்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.